காற்றிலா, மனத்திலா: ‘சேஃப்’ படமும் பெயர் தெரியாத ஒரு நோயும்

1995ஆம் ஆண்டு வெளிவந்த ‘சேஃப்’ என்ற அமெரிக்கப் படத்தைப் பார்த்தவர்கள் அதன் கதையை இரண்டு விதமாகச் சொல்வார்கள். அன்றாட வேதிப்பொருள்களால் உடல் நஞ்சேறிப்போன ஒரு பெண்ணின் கதை என்பார் ஒருவர். வேலையோ விருப்பமோ இல்லாத வெற்று வாழ்க்கை ஒருத்தியின் உடலில் நோயாக வெடித்த கதை என்பார் மற்றொருவர். இருவருமே படத்திலிருந்து சான்று காட்ட முடியும். எழுதி இயக்கிய டாட் ஹெய்ன்ஸ் இந்த வழக்கில் தீர்ப்பாக அமையக்கூடிய ஒரு காட்சியைக்கூடப் படத்தில் வைக்கவில்லை. இதைச் சிலர் நழுவல் என்று குறை சொல்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. நோய் எங்கே இருக்கிறது என்ற கேள்வியை அவர் திறந்தே விட்டதால்தான், நோயாளியின் வாயில் யார் யாருடைய சொற்கள் வந்து அமர்கின்றன என்ற இன்னொரு கேள்வி நம் கண்ணுக்குத் தெரிகிறது. அந்த இரண்டாவது கேள்வியே படத்தின் உயிர் என்று நான் நினைக்கிறேன். அதைப் புரிந்துகொள்ள அந்த நோயின் வரலாறும், கதை நடக்கும் 1987ஆம் ஆண்டும், அந்நாளில் லாஸ் ஏஞ்சலிஸ் நகரில் பரவியிருந்த ஒரு போதனையும் கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும்.

கதை எளிமையானது. லாஸ் ஏஞ்சலிஸை ஒட்டிய சான் ஃபெர்னாண்டோ பள்ளத்தாக்கில் வசதியான வீடொன்றில் கேரல் வைட் வாழ்கிறாள். கணவன் கிரெக், அவனுடைய மகன் ரோரி, வீட்டு வேலைக்கு ஃபுல்வியா என்ற பெண். கேரலின் நாள் உடற்பயிற்சி வகுப்பிலும், தோட்டத்திலும், வீட்டு அலங்காரத்திலும் கழிகிறது. நீலப்பச்சை நிறத்தில் கேட்ட சோபா கறுப்பு நிறத்தில் வந்து இறங்கிவிட்டது என்பதே படத்தின் தொடக்கத்தில் அவள் சந்திக்கும் பெரிய இடர். பிறகு ஒரு நாள் நெடுஞ்சாலையில் முன்னால் போகும் லாரியின் புகையில் மூச்சுத் திணறி, காரை ஒரு நிறுத்துமிடத்துக்குள் திருப்பி இருமித் தீர்க்கிறாள். முடியைச் சுருட்டிக்கொள்ள அழகு நிலையத்துக்குப் போன இடத்தில் மூக்கிலிருந்து இரத்தம் வழிகிறது. காலையில் அணைக்க வந்த கணவன் உடலில் பூசியிருந்த நறுமணத்தில் வாந்தி எடுக்கிறாள். தோழி ஒருத்தியின் வளைகாப்பு போன்ற விருந்தில், மடியில் ஒரு சிறுமி உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு அடைத்துக்கொள்கிறது. குடும்ப மருத்துவர் உடலில் குறை ஒன்றும் இல்லை என்கிறார். மனநல மருத்துவர் பெரிய மேசைக்குப் பின்னாலிருந்து அவள் மனத்தில் என்ன நடக்கிறது என்று கேட்கிறார். அவளிடம் பதில் இல்லை. உடற்பயிற்சிக் கூடத்தில் ஒட்டப்பட்டிருந்த ஓர் அறிவிப்பு, புகையும் வாடையும் உங்களை வருத்துகின்றனவா என்று கேட்கிறது. தனக்கு வந்திருப்பதற்கு ஒரு பெயர் உண்டு என்பதை அந்தத் தாளிலிருந்துதான் அவள் முதன்முதலாக அறிகிறாள். பூச்சிமருந்து அடித்துக்கொண்டிருந்த உலர்சலவைக் கடைக்குள் நுழைந்து வலிப்பு கண்டு விழுந்த பிறகு, நியூ மெக்சிகோ பாலைநிலத்தில் இருக்கும் ரென்வுட் என்ற ஆசிரமம் போன்ற நிலையத்துக்குப் புறப்பட்டுப் போகிறாள்.

இந்த நிகழ்ச்சிகளை வேகமாக வெட்டி அடுக்கினால் ஒரு சாதாரண நோய்க்கதை கிடைத்திருக்கும். படம் ஏறக்குறைய இரண்டு மணி நேரம் ஓடுகிறது; அதன் பெரும்பகுதியில் கேமரா கேரலை விட்டுத் தள்ளியே நிற்கிறது. அலெக்ஸ் நெபொம்னியாஷியின் ஒளிப்பதிவில் அறைகள் அகன்று கிடக்கின்றன; அவற்றின் ஓரத்தில், அறைகலன்களில் ஒன்றைப் போல, கேரல் நிற்கிறாள். ஒரு காட்சியில் அவள் எங்கே இருக்கிறாள் என்று தேடிக் கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது. வழக்கமான திகில் படத்தில் ஆபத்து எங்கிருந்து வரும் என்பதை இசையும் கேமரா நகர்வும் நமக்குச் சொல்லிவிடும். இங்கே அவை சொல்வதில்லை. எட் டாம்னியின் இசை தாழ்ந்த ரீங்காரமாகப் பின்னால் கிடக்க, குளிர்பதனப் பெட்டியின் உறுமல், தொலைவில் ஓடும் வாகனங்கள், வானொலிப் பேச்சு எல்லாம் அதோடு கலந்து, எது இசை எது வீட்டின் ஒலி என்று பிரிக்க முடியாமல் போகிறது. சற்று நேரத்தில் நாமே சட்டகத்தின் மூலை முடுக்கெல்லாம் கண்ணால் துழாவத் தொடங்குகிறோம். அந்தத் தெளிப்பானில் இருப்பது என்ன? புதிய சோபாவின் நுரைப்பஞ்சிலா, கம்பளத்திலா, காலையில் குடிக்கும் பாலிலா? கேரலின் நோய் நமக்கு இப்படித்தான் தொற்றுகிறது. படத்தின் மெதுவான நடையை அழகியல் விருப்பம் என்று மட்டும் எடுத்துக்கொள்ளக் கூடாது என்பதற்கு இதுவே காரணம். எதைச் சந்தேகிப்பது என்று தெரியாததால் எல்லாவற்றையும் சந்தேகிக்கும் மனநிலையைப் பார்வையாளருக்குள் உண்டாக்க அந்த நேரம் தேவைப்படுகிறது.

கேரலாக நடித்த ஜூலியன் மூர் இந்தப் பாத்திரத்துக்காக உடல் எடையைக் குறைத்துக்கொண்டார் என்பது பலரும் அறிந்தது. அதைவிட அவர் குரலுக்குச் செய்ததுதான் முக்கியம். அது நெஞ்சிலிருந்து எழாத, உதட்டளவில் பிறந்து உதட்டளவில் நின்றுவிடும் மெல்லிய குரல். சாதாரண வாக்கியத்தைக்கூட அவள் கேள்வியைப் போல முடிக்கிறாள். பாதியில் விட்டுவிட்டு மற்றவர் முடித்துக் கொடுக்கட்டும் என்று காத்திருக்கிறாள். தோழியர் சொல்லும் உணவுமுறையை அப்படியே ஏற்றுப் பழ உணவுக்கு மாறுகிறாள். மருத்துவர் சொல்வதற்குத் தலையாட்டுகிறாள். பிறகு அறிவிப்புத் தாளின் சொற்களைப் பேசுகிறாள். அதற்குப் பிறகு ரென்வுட்டின் சொற்களை. தன்னுடையது என்று சொல்லக்கூடிய ஒரு வாக்கியம் அவளுக்கு இல்லை. அவள் உடல் மட்டும்தான் ஒருமுறை, தயக்கமில்லாமல், வேண்டாம் என்று சொல்லியிருக்கிறது. இவ்வளவு வெறுமையான ஒருத்தியின் மேல் நமக்கு இரக்கம் பிறக்கிறதென்றால் அது நடிப்பின் வல்லமை; கேரலைக் கேலி செய்யும் வாய்ப்பு காட்சிக்குக் காட்சி இருந்தும், மூர் ஒரு கணமும் அந்தப் பக்கம் போகவில்லை.

இனி நோய்க்கு வருவோம். சுற்றுச்சூழல் நோய், இருபதாம் நூற்றாண்டு நோய், பல வேதிப்பொருள்களுக்கான மிகையுணர்வு என்று இதற்குப் பல பெயர்கள் வழங்கியிருக்கின்றன. 1950களில் சிகாகோவைச் சேர்ந்த ஒவ்வாமை மருத்துவர் தெரான் ராண்டால்ஃப், பெட்ரோலியத்திலிருந்து எடுக்கப்படும் பொருள்களின் மிகச் சிறிய அளவுகூடத் தம் நோயாளிகள் சிலரைப் படுக்கையில் தள்ளுகிறது என்று எழுதத் தொடங்கினார். மருத்துவ அமைப்புகள் அவரை ஏற்கவில்லை; ஆனால் வேறு எங்கும் விடை கிடைக்காத நோயாளிகள் அவரையும் அவர் வழிவந்தவர்களையும் தேடிப் போனார்கள். 1973ஆம் ஆண்டின் எண்ணெய் நெருக்கடி கதையின் போக்கை மாற்றியது. எரிபொருளைச் சேமிக்க அமெரிக்காவில் கட்டடங்களைக் காற்றுப் புகாதபடி இறுக்கி அடைத்தார்கள். ஆளொருவருக்கு நிமிடத்துக்குச் சுமார் 15 கன அடி என்று இருந்த வெளிக்காற்றின் அளவு பல கட்டடங்களில் 5 கன அடியாகக் குறைந்தது. அதே காலத்தில் ஒட்டுப்பலகை, செயற்கைக் கம்பளம், நுரைப்பஞ்சு, பசை என்று ஃபார்மால்டிஹைடும் பிற ஆவிகளும் கசியும் பொருள்கள் உள்ளே நிறைந்தன. தலைவலி, கண் எரிச்சல், மூச்சுத் தொல்லை, சோர்வு என்று வேலையிடத்தில் தொடங்கி வீட்டுக்குப் போனதும் தணியும் உபாதைகளுக்கு நோய்க்கட்டடக் கூட்டறிகுறி என்ற பெயர் வந்தது. புதிதாகக் கட்டப்பட்ட, புதுப்பிக்கப்பட்ட கட்டடங்களில் 30 விழுக்காடு வரை இத்தகைய புகார்கள் எழக்கூடும் என்று 1984ஆம் ஆண்டு உலக சுகாதார நிறுவனத்தின் குழு ஒன்று கூறியது. இன்னும் வியப்பான ஒன்று உண்டு. அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் வாஷிங்டன் தலைமையகத்திலேயே, 1987 வாக்கில் புதிய கம்பளம் விரித்த பின் ஊழியர்கள் பலர் நோயுற்றார்கள். ஹெய்ன்ஸ் தம் கதையை நிறுத்தியிருப்பதும் அதே ஆண்டில்தான்.

அந்த ஆண்டிலேயே யேல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மருத்துவர் மார்க் கல்லன், பல வேதிப்பொருள்களுக்கான மிகையுணர்வு என்ற பெயருக்கு ஒரு வரையறை தந்தார். 1996இல் பெர்லினில் கூடிய உலக சுகாதார நிறுவனம் சார்ந்த அறிஞர் குழுவோ, காரணம் வேதிப்பொருள்தான் என்று அந்தப் பெயரே முன்கூட்டித் தீர்ப்பளித்துவிடுகிறது என்று கருதி, காரணம் அறியப்படாத சுற்றுச்சூழல் சகிப்பின்மை என்ற பொருளில் வேறொரு பெயரைப் பரிந்துரைத்தது. பெயருக்காக நடந்த இந்தச் சண்டையைச் சிறிதென்று எண்ணிவிட வேண்டாம். காப்பீடு, இழப்பீடு, வேலையிட வசதி எல்லாம் பெயரைத்தான் பிடித்துத் தொங்கிக்கொண்டு நிற்கின்றன. நோயாளிக்கும் சோதனையாளருக்கும் எது வேதிப்பொருள், எது வெறுங்காற்று என்று தெரியாமல் நடத்தும் சோதனைகள் பல செய்யப்பட்டுள்ளன. வேதிப்பொருளைக் கொடுத்து எதிர்வினையைப் பார்க்கும் 37 ஆய்வுகளைத் தொகுத்து 2006இல் வெளியான மதிப்பாய்வு, நோயாளிகளின் உடல் உண்மையிலேயே எதிர்வினை காட்டுகிறது என்றும், ஆனால் எது எதுவென்று அவர்களால் வாசனையாலோ வேறு வழியாலோ பிரித்தறிய முடிந்த இடங்களிலேயே அந்த வேறுபாடு தோன்றுகிறது என்றும், எதிர்பார்ப்பும் முன்நம்பிக்கையும் இதில் பங்கு வகிக்கலாம் என்றும் முடிவு கூறியது. இதைப் படித்துவிட்டு எல்லாம் மனப்பிரமை என்று கதவைச் சாத்திவிடுவது எளிது. எதிர்பார்ப்பினால் வரும் மூச்சுத்திணறலும் மூச்சுத்திணறல்தான்; அதில் தவிப்பவரின் நுரையீரலுக்கு அந்த வேறுபாடு தெரியாது.

மேலும், சான்று இல்லை என்பதற்கும் தேடிப் பார்த்துக் கிடைக்கவில்லை என்பதற்கும் இடையில் பெரிய தொலைவு இருக்கிறது. அமெரிக்காவில் நச்சுப்பொருள் கட்டுப்பாட்டுச் சட்டம் 1976இல் வந்தபோது, ஏற்கெனவே சந்தையில் இருந்த ஏறத்தாழ 62,000 வேதிப்பொருள்கள் புதிய சோதனை எதுவும் இல்லாமல் அப்படியே தொடர அனுமதிக்கப்பட்டன. கேரல் மயங்கி விழும் உலர்சலவைக் கடையையே எடுத்துக்கொள்ளலாம். அவளை வீழ்த்தியது பூச்சிமருந்தாக இருக்கலாம். ஆனால் அத்தகைய கடைகளில் பல பத்தாண்டுகளாகத் துணியை வெளுத்து வந்த பொருள் பெர்குளோரோஎத்திலீன். அது மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கக்கூடியது என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை வகைப்படுத்தியிருக்கிறது. உலர்சலவையில் அதைப் படிப்படியாக, 10 ஆண்டுகளுக்குள், ஒழிக்க வேண்டும் என்ற விதியை அமெரிக்க அரசு 2024 டிசம்பரில்தான் இறுதி செய்தது. படம் எங்கும் குறிப்பிடாத ஒரு செய்தியும் உண்டு. சான் ஃபெர்னாண்டோ பள்ளத்தாக்கின் நிலத்தடி நீரில் இதே பெர்குளோரோஎத்திலீனும் அதன் உறவுப் பொருளான டிரைகுளோரோஎத்திலீனும் கலந்திருப்பது 1980 வாக்கில் கண்டறியப்பட்டு, 1986இல் அந்தப் பகுதியின் குடிநீர்க் கிணற்றுத் தொகுதிகள் நாட்டின் மிக மாசுபட்ட இடங்களின் பட்டியலில் சேர்க்கப்பட்டன. கேரலின் வீட்டுத் தோட்டமும் நீல நிறப் பளிங்கு வெளிச்சமும் அந்த நிலத்தின் மேல்தான் அமைந்திருக்கின்றன. ஹெய்ன்ஸ் அந்தப் பள்ளத்தாக்கிலேயே, என்சீனோ பகுதியில் வளர்ந்தவர்.

இந்த இடத்தில் படத்தைப் பற்றிய பேச்சுகளில் அதிகம் கவனிக்கப்படாத ஒன்றைச் சொல்ல வேண்டும். கேரலைச் சுற்றி, அவளுக்கு ஆகாத அதே பொருள்களை நாள் முழுதும் மூச்சில் இழுப்பவர்கள் இருக்கிறார்கள். அலமாரிகளைத் துடைக்கும் ஃபுல்வியா, அம்மோனியம் தயோகிளைக்கோலேட் கலந்த கரைசலைப் பத்துத் தலைகளுக்காவது தடவும் அழகு நிலையப் பெண், சலவைக் கடையில் முகமூடி அணிந்து மருந்தடிக்கும் ஆள், சோபாவைச் சுமந்து வரும் தொழிலாளர்கள் எல்லோரும் சட்டகத்தின் ஓரத்தில் வேலை செய்துகொண்டிருக்கிறார்கள். யாரும் இருமுவதில்லை, இருமினாலும் நமக்குக் கேட்காது. நோயாளியாக இருப்பதற்கும் ஓய்வும் பணமும் கேட்பதற்கு ஆளும் வேண்டும். ரோரி பள்ளிக்காக எழுதிய கட்டுரையில் லாஸ் ஏஞ்சலிஸின் கறுப்பின, மெக்சிகோ வழிவந்த குழுக்களின் வன்முறை தம் பகுதிக்குள் வந்துவிடும் என்ற பயத்தை உணவு மேசையில் வாசித்துக் காட்டுகிறான். வாயிற்கதவு, காவல், தொலைவு என்று எல்லாவற்றாலும் தன்னை அடைத்துப் பாதுகாத்துக்கொண்ட வாழ்க்கைக்குள், அவர்களே விலைகொடுத்து வாங்கி வந்த பொருள்களின் வழியாகத்தான் ஆபத்து நுழைகிறது. ஹெய்ன்ஸ் இதை வசனமாக யார் வாயிலும் வைக்கவில்லை.

1987ஆம் ஆண்டைத் தேர்ந்ததற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. அது எய்ட்ஸ் நோயின் ஆண்டு. அந்த ஆண்டு மார்ச்சில்தான் ஏஇசட்டி என்ற முதல் மருந்துக்கு அமெரிக்காவில் ஒப்புதல் கிடைத்தது. அதே மாதத்தில் நியூயார்க்கில் ஆக்ட் அப் என்ற போராட்ட அமைப்பு தொடங்கப்பட்டது. ஆயிரக்கணக்கானவர்கள் இறந்த பிறகு, மே மாதக் கடைசியில் அதிபர் ரீகன் அந்நோயைப் பற்றிய முதல் பெரிய உரையை ஆற்றினார். தன்பாலீர்ப்பாளரான ஹெய்ன்ஸ் அந்தப் போராட்டச் சூழலிலிருந்து வந்தவர். படத்தின் தொடக்கத்தில், தோழியின் சகோதரன் இறந்ததைப் பற்றிச் சமையலறையில் நடக்கும் பேச்சில், கேரல் ஒரு கேள்வியைத் தொடங்கி நோயின் பெயரைச் சொல்லாமலே நிறுத்திவிடுகிறாள். அதுதானா என்று எல்லோரும் கேட்கிறார்கள், அது இல்லை என்கிறாள் தோழி. உடலின் தற்காப்பு சீர்குலைந்து, அன்றாட உலகமே பகையாகி, மற்றவர் தொட அஞ்சும் ஒரு நிலையை, எய்ட்ஸ் யாருடைய நோய் என்று அன்றைய சமூகம் முடிவுகட்டி வைத்திருந்ததோ அவர்களிடமிருந்து எடுத்து, அது தனக்கு வரவே வராது என்று நம்பிய வெள்ளையின மேல்நடுத்தர இல்லத்தரசி ஒருத்திக்குள் வைத்துப் பார்க்கிறது இந்தப் படம்.

அந்தக் காலத்தில், லாஸ் ஏஞ்சலிஸை ஒட்டிய மேற்கு ஹாலிவுட்டில் லூயிஸ் ஹே என்ற போதகர் எய்ட்ஸ் நோயாளிகளுக்காக வாரந்தோறும் கூட்டம் நடத்திவந்தார். நூற்றுக்கணக்கானவர்கள் வந்தார்கள். குடும்பமும் கோயிலும் மருத்துவமனையும் தள்ளிவைத்த இளைஞர்களை அவர் கட்டியணைத்தார் என்பதை மறுக்கக் கூடாது. அந்த அணைப்பு அவர்களில் பலருக்குக் கிடைத்த ஒரே மனிதத் தொடுகை. ஆனால் அவருடைய போதனையின் அடிப்படை, நம் உடலின் நோய்களை நம் எண்ணங்களே உண்டாக்குகின்றன, தன்னை நேசிக்காததன் விளைவே நோய், கண்ணாடி முன் நின்று தன்னை நேசிப்பதாகத் தனக்கே சொல்லிப் பழகினால் குணம் காணலாம் என்பது. ஹெய்ன்ஸ் இந்தப் போதனையைக் கண்டு கலங்கியவர். விடையே இல்லாத குழப்பத்தில் கிடப்பதைவிட, தவறு என்னுடையது என்று ஒப்புக்கொள்வது ஒரு நோயாளிக்கு ஏன் ஆறுதலாகிறது என்ற கேள்வியே தம்மை இந்தப் படத்துக்கு இழுத்ததாக அவர் நேர்காணல்களில் விளக்கியிருக்கிறார்.

ரென்வுட்டின் தலைவர் பீட்டர் டன்னிங் பாத்திரம் அங்கிருந்து பிறந்தது. பீட்டர் ஃப்ரீட்மன் அந்தப் பாத்திரத்தை வில்லனாக நடிக்கவில்லை. மென்மையானவர், சிரித்த முகம், மேல்சட்டையின் கைகளை மடித்துவிட்ட எளிமை. வேதிப்பொருள் மிகையுணர்வோடு எய்ட்ஸ் நோயும் உள்ளவர் என்று அறிமுகப்படுத்தப்படுகிறார். செய்தித்தாள் படிப்பதையும் தொலைக்காட்சி பார்ப்பதையும் நிறுத்திவிட்டதாகவும், வெளியுலகில் அன்பு பெருகுவதாகக் கற்பனை செய்து அதையே உண்மையாக்கிக்கொள்வதாகவும் பேசுகிறார். வட்டமாக உட்கார வைத்து, நீ ஏன் நோயுற்றாய் என்று ஒவ்வொருவரையும் கேட்கிறார். ஒருவரை நோயாளியாக்க அவரால் மட்டுமே முடியும் என்பது அவர் கொள்கை. தம் நோய்க்குத் தம் கோபமோ, தன்வெறுப்போ காரணம் என்று ஒவ்வொருவரும் கண்ணீரோடு ஒப்புக்கொள்கிறார்கள். கணவனை அங்கே நோய்க்குப் பறிகொடுக்கும் நெல் என்ற பெண் மட்டும், தன் கோபம் தன்னை நோயாளியாக்கியவர்கள் மேல்தான் என்று இறுக்கமாக நிற்கிறாள். அந்த வட்டத்தில் அவளுக்கு இடமில்லாமல் போகிறது. குன்றின் மேல் பீட்டருக்கு ஒரு பெரிய வீடு இருப்பதைக் கேமரா ஒரு தரம் காட்டுகிறது. அதைப் பற்றி யாரும் எதுவும் சொல்வதில்லை. தலை முதல் கால் வரை மூடிக்கொண்டு, நிலத்தில் கால் பதிக்கவே அஞ்சியவனாய்த் தொலைவில் நடக்கும் லெஸ்டரும் அப்படியே விளக்கமின்றிக் கடந்து போகிறான். சாப்பிடவும் மூச்சுவிடவும் பயப்படுகிறான் என்று மட்டும் நமக்குச் சொல்லப்படுகிறது.

பார்வையாளர் தடுமாறும் இடம் இது. படத்தின் முதல் பாதியில் கேரலின் பேச்சை யாருமே கேட்கவில்லை. இங்கே எல்லோரும் கேட்கிறார்கள். புகை இல்லை, பூச்சிமருந்து இல்லை, வானம் திறந்து கிடக்கிறது. எனவே திரைக்கதையின் பழகிய தடத்தில் நம் மனம் அவளுக்கு விடிவு பிறந்துவிட்டது என்று நம்ப விரும்புகிறது. ஆனால் கேமரா தன் தொலைவைக் குறைத்துக்கொள்ளவில்லை, ரீங்காரமும் ஓயவில்லை, கேரல் மெலிந்துகொண்டே போகிறாள். அருகிலிருக்கும் சாலையில் ஒரு லாரி போனால் அங்கேயும் மூச்சுத் திணறுகிறது. பள்ளத்தாக்கின் மருத்துவர்கள் உனக்கு ஒன்றுமில்லை என்றார்கள். ரென்வுட் உனக்கு இருப்பதற்கு நீயே காரணம் என்கிறது. இரண்டும் ஒன்றுக்கொன்று எதிரானவை போலத் தோன்றினாலும், இரண்டு வாக்கியங்களுமே ஆலையையும் கடையையும் சட்டத்தையும் கணக்கிலிருந்து விடுவித்துவிடுகின்றன. காற்றை யார் கெடுத்தார்கள் என்ற கேள்வி அங்கே எழவே வழியில்லை. செய்தித்தாளையே நிறுத்தச் சொல்லும் இடத்தில் அதை எங்கே போய்க் கேட்பது?

ரென்வுட் கற்பனை என்றாலும், அப்படிப்பட்ட ஒதுங்கல் கற்பனையல்ல. அரிசோனாவின் ஸ்னோஃப்ளேக் என்ற சிற்றூரை ஒட்டிய வறண்ட மேட்டுநிலத்தில் 1980களின் இறுதியிலிருந்து இந்நோயுற்றவர்கள் குடியேறி வருகிறார்கள். ஆவி கசியாத ஓடுகளும் உலோகமும் கொண்டு வீடு கட்டிக்கொண்டு, வருபவர்கள் வாசனைச் சோப்பும் நறுமணமும் பூசாமல் வர வேண்டும் என்று கேட்டுக்கொள்பவர்கள் அவர்கள். ஹெய்ன்ஸின் படத்துக்கு எதிராக ஒரு குறை சொல்லலாம் என்றால் அது இங்கேதான்: மெய்யான நோயாளிகள் எல்லோரும் ஒரு போதகருக்குக் கட்டுப்பட்டவர்கள் அல்லர். பலர் வழக்காடினார்கள், ஆவணம் திரட்டினார்கள், கட்டட விதிகளை மாற்றப் பாடுபட்டார்கள். ஜப்பான் 2003இல் தன் கட்டடச் சட்டத்தைத் திருத்தி ஃபார்மால்டிஹைடைக் கட்டுப்படுத்தியதற்கும், குளோர்பைரிஃபாஸ் என்ற பூச்சிமருந்து கலந்த கட்டடப் பொருள்களைத் தடுத்ததற்கும் நோய்வீட்டுக் கூட்டறிகுறியால் அவதிப்பட்டவர்களின் குரல் ஒரு காரணம். அந்தப் பிடிவாதம் நெல் என்ற ஒரே பாத்திரத்தில் சுருங்கிவிட்டது.

அந்தக் குறையை ஹெய்ன்ஸே பின்னாளில் நிரப்பினார் என்று சொல்லத் தோன்றுகிறது. 2019இல் அவர் இயக்கிய ‘டார்க் வாட்டர்ஸ்’, மேற்கு வர்ஜீனியாவின் பார்க்கர்ஸ்பர்க் பகுதியில் டூபான்ட் ஆலை வெளியேற்றிய பிஎஃப்ஓஏ என்ற பொருள் குடிநீரில் கலந்ததையும், வழக்கறிஞர் ராபர்ட் பிலட் அதை எதிர்த்து நீதிமன்றம் போனதையும் சொல்கிறது. அந்த வழக்கின் உடன்பாட்டால் ஏறத்தாழ 69,000 பேரின் இரத்தம் சேகரிக்கப்பட்டது. அறிவியல் குழு ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்து, சிறுநீரகப் புற்றுநோயும் தைராய்டு நோயும் உட்பட ஆறு நோய்களுக்கும் அந்தப் பொருளுக்கும் தொடர்பு இருக்கக்கூடும் என்று 2012இல் அறிவித்து முடித்தது. 2017இல் 67 கோடி டாலருக்கு மேல் இழப்பீடு உடன்பாடாயிற்று. கேரலுக்குக் கிடைக்காத எல்லாம் அங்கே கிடைத்தன: பொருளின் பெயர், ஆலையின் முகவரி, கம்பெனியின் உள் ஆவணங்கள், சேர்ந்து நிற்க அண்டைவீட்டார். அவையெல்லாம் கிடைக்கும் முன் அந்த ஊர்க்காரர்களும் கேரலைப் போலவே, சொல்லத் தெரியாத உபாதையோடு மருத்துவர் முன் உட்கார்ந்தவர்களாகத்தான் இருந்திருப்பார்கள். இரண்டு படங்களையும் அடுத்தடுத்துப் பார்ப்பவர்கள் முதல் படத்தின் மௌனத்தை வேறுவிதமாகக் கேட்பார்கள்.

ஏறத்தாழ 10 லட்சம் டாலர் செலவில் எடுக்கப்பட்ட ‘சேஃப்’, 1995 ஜனவரியில் சன்டான்ஸ் திரைப்பட விழாவில் திரையிடப்பட்டபோது பெரிய வரவேற்பு எதையும் பெற்றுவிடவில்லை. ஆனால் அந்தப் பத்தாண்டு முடியும்போது நியூயார்க்கின் ‘வில்லேஜ் வாய்ஸ்’ இதழ் விமர்சகர்களிடம் நடத்திய வாக்கெடுப்பில், 1990களின் மிகச் சிறந்த படமாக இதுவே தேர்ந்தெடுக்கப்பட்டது. 2020இல் கொரோனாத் தொற்று வந்து, முகக்கவசமும் மூடிய கதவும் மற்றவர் மூச்சைக் கண்டு ஒதுங்குவதும் எல்லோருக்கும் வழக்கமானபோது, மீண்டும் பலர் இதைத் தேடிப் பார்த்தார்கள்.

படத்தின் பெயரை ஒரு கணம் எண்ணிப் பார்க்கலாம். பத்திரமாக இருத்தல் என்பது அதன் ஒரு பொருள். நகையையும் பணத்தையும் பூட்டி வைக்கும் இரும்புப் பெட்டிக்கும் ஆங்கிலத்தில் அதே பெயர்தான். இறுதியில் கேரல் குடிபோவது அப்படியொரு பெட்டிக்குத்தான்: உட்புறம் பீங்கான் பூசப்பட்ட, சன்னலில்லாத, கவிழ்த்த கிண்ணம் போன்ற சிறு கூடு. அதற்கு முன் அவள் பிறந்தநாளுக்குக் கேக் வெட்டிப் பேசச் சொல்கிறார்கள். எய்ட்ஸ், மனம் திறத்தல், தன்வெறுப்பு, பொருள்களின் லேபிள்களைப் படித்தல் என்று ரென்வுட்டில் கேட்ட சொற்கள் எல்லாம் அவள் வாயில் ஒன்றோடொன்று ஒட்டாமல் உதிர்கின்றன. கேட்டவர்கள் அன்போடு கைதட்டுகிறார்கள். உயிர்வளிக் குப்பியை இழுத்துக்கொண்டு கூட்டுக்குத் திரும்பி, கதவைச் சாத்தி, அங்கிருக்கும் ஒருத்தி தான் நாள்தோறும் செய்ததாகச் சொல்லிக்கொடுத்தபடி கண்ணாடி முன் நிற்கிறாள். கண்ணாடி இருக்க வேண்டிய இடத்தில் கேமரா இருக்கிறது. படம் முழுதும் எட்டி நின்ற அது இப்போதுதான் அவள் முகத்துக்கு நேரே இவ்வளவு நெருங்குகிறது. நெற்றியில் சிவந்த புண் ஒன்று தெரிகிறது. நான் உன்னை நேசிக்கிறேன் என்று சொல்கிறாள். குரல் போதவில்லை என்று பட்டதோ என்னவோ, உண்மையாகவே நேசிக்கிறேன் என்று மீண்டும் சொல்கிறாள். சொல்லிவிட்டு, மறுமொழி வரும் என்பதைப் போல, நம்மைப் பார்த்தபடி நிற்கிறாள்.